மணல் வளவில் மரத்தாங்கி: உப்புவெளியில் சரிந்த ஒரு கார் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வளவில், முன்பக்கம் தூக்கி வைத்திருந்த டொயோட்டா கரோலா 121 ஒன்று வலப்பக்கமாகச் சரிந்து இறங்கியது. ஆளுக்குக் காயம் இல்லை. வலப்பக்கக் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புத் தகடு நசுங்கியது, ஒரு டயரின் பக்கச்சுவர் வெட்டுப்பட்டது, அவ்வளவுதான் சேதம். காரைத் தாங்கி நின்றவை வீட்டிலேயே அறுத்தெடுத்த இரண்டு தென்னங்குற்றிகள்.

கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: மரத்தை நம்பினால் இப்படித்தான், தூக்கிய காரைத் தாங்கவென்றே விற்கும் இரும்பு ஸ்டாண்ட் வாங்கியிருக்க வேண்டும். இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அந்தத் தீர்ப்பைக் கேட்டுத்தான். அந்த மணலில், அன்று நடந்த அதே வேலைக்கு, இரும்பு ஸ்டாண்டும் சரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிறகு அதே வளவில் அதே கார் மரத்தின் மேலேயே மாரி முழுக்க நின்றது. இரண்டு முறையும் மரம்தான். முதல் முறை ஏன் விழுந்தது, இரண்டாம் முறை ஏன் நின்றது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

காரும் வேலையும்

121 என்று நம் ஊரில் சொல்லும் கரோலா 2000க்கும் 2006க்கும் இடையில் தயாரானது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் இருந்த காலத்தில் பழைய காரை வைத்திருந்தவர்கள் அதை விற்கவும் மனமில்லாமல், புதிது வாங்கவும் வழியில்லாமல், உள்ளதையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

கடலோரத்தில் நிற்கும் காருக்கு முதலில் போவது அடிப்பக்கம். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே பிரேக் எண்ணெய் ஓடும் இரும்புக் குழாய் துருவேறி உரியும், முன் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் லோவர் ஆர்மின் போல்ட்டுகள் சட்டத்தோடு ஒட்டிப்போகும், சைலன்சர் தாங்கிகள் கையால் தொட்டால் உதிரும். இந்த வேலைகளுக்கு முடிவு சீக்கிரம் வராது. ஒரு போல்ட்டைக் கழற்றப் போனால் அது முறியும், அதற்குப் பாகம் தேடி ஆள் அனுப்ப வேண்டும், அதற்குள் இன்னொன்று கண்ணில் படும். அத்தனை நாளும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் காரை எந்த கராஜ்காரரும் விரும்பி ஏற்பதில்லை. எனவே வீட்டுக்காரர் வளவிலேயே செய்வது என்று முடிவெடுத்தார். கைவேலை தெரிந்தவர், அவசரக்காரரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணியாவிலிருந்து ஒரு மெக்கானிக் காக்கா வந்து உதவி செய்வார்.

வளவு முழுக்க மணல். மேலே காய்ந்த பொருக்கு, ஒரு சாண் தோண்டினால் ஈரம். ஒரு பக்கத்தில் கிணற்றடி.

விழுந்த விதம்

ட்ரொலி ஜாக்கைக் காரின் முன்னாலிருந்து உள்ளே தள்ளி, முன் குறுக்குச் சட்டத்தில் கொடுத்துத் தூக்கினார்கள். இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றினார்கள். கதவு விளிம்பின் ஜாக் புள்ளிகளுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, 40 செ.மீ. உயரமும் 21 செ.மீ. விட்டமும் கொண்ட தென்னங்குற்றிகளை நிமிர்த்தி வைத்தார்கள். பின் சக்கரங்கள் நிலத்தில். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு செங்கல். பின் பிரேக் குழாய்களும் மாற்ற வேண்டியிருந்ததால் ஹான்ட் பிரேக் கேபிளை ஏற்கெனவே தளர்த்தி விட்டிருந்தார்கள். ஜாக் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று வெளியே இழுத்து விட்டார்கள்.

லோவர் ஆர்ம் போல்ட் ஒன்று அசையவில்லை. ஸ்பனருக்கு மேல் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, தரையில் கால் ஊன்றி, காரின் முன்பக்கம் நோக்கி வெட்டி வெட்டி இழுத்தார் வீட்டுக்காரர். மூன்றாவதோ நான்காவதோ இழுப்பில் கார் முன்னால் ஊர்ந்தது. வலக்குற்றி முன்னால் சாய்ந்து விழுந்தது, இடக்குற்றி சாய்ந்தபடி நின்றுவிட்டது. வலப்பக்கம் இறங்கிய கார், விளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டிருந்த சக்கரத்தில் உட்கார்ந்தது.

அந்தச் சக்கரம் அங்கே இருந்தது தற்செயல் இல்லை. முந்திய ஞாயிறு காக்கா சொல்லிவிட்டுப் போனது: "தம்பி, கழட்டின டயர வெளிய போட்டு வைக்காதங்க. ரெண்டையும் வண்டிக்குக் கீழ தள்ளிப் போடுங்க. ஒண்டும் நடக்காட்டி நட்டமில்லத்தானே." சரி என்று போட்டிருந்தார்கள்.

அந்த டயர் காரைக் காப்பாற்றியது. ஆளைக் காப்பாற்றியிருக்குமா என்பது வேறு விஷயம். படுக்கப் போட்ட 121 சக்கரத்தின் உயரம் சுமார் 18 செ.மீ. மல்லாந்து படுத்த ஒரு வளர்ந்த ஆளின் மார்பு அதைவிட உயரம். வீட்டுக்காரர் அப்போது வெளியே உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே விட்டிருந்தார். அடியில் படுத்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஒரு சக்கரத்தைத் தனியே போட்டுவிட்டு நிம்மதியாக உள்ளே போகிறவர்கள் நம்மில் பலர். அதற்கு மேல் இன்னொரு சக்கரமோ தடித்த பலகையோ அடுக்கினால்தான் அது ஆளுக்குக் காவல்.

மறுநாள் மணலில் கண்டவை

நல்ல வேளையாக எதையும் கலைக்காமல் விட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது முதலில் கவனித்தது பின் சக்கரங்களை. செங்கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆனால் செங்கலுக்கும் டயருக்கும் இடையே விரிந்த கை நுழையும் அளவு இடைவெளி. இதில் ஒரு பகுதி கார் சரிந்தபோது ஏற்பட்டது. மீதி, தூக்கும்போதே ஏற்பட்டிருந்தது.

ட்ரொலி ஜாக்கின் கை நேராக மேலே போகாது. ஒரு வில் போல வளைந்து, மேலே போகப் போகத் தன் பிடியின் பக்கமாகப் பின்வாங்கும். சிமெந்துத் தரையில் ஜாக்கின் சில்லுகள் உருண்டு அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். மணலில் அந்தச் சின்னச் சில்லுகள் புதைந்து நிற்கும். ஜாக் நகராவிட்டால் கார்தான் நகர வேண்டும். இங்கே கார் முன்னால் இழுபட்டது, சக்கரங்கள் செங்கல்லை விட்டுப் பிரிந்தன. பின் சக்கரத்துக்கு முன்னால் எந்தத் தடையும் வைக்கவில்லை, வளவு லேசாகப் பின்பக்கம் சரிவு என்பதால் முன்னால் எங்கே போகப்போகிறது என்ற நினைப்பு. ஹான்ட் பிரேக்கும் இல்லை. ஆக, குற்றிகளின் மேல் கார் ஏறி நின்ற கணத்திலிருந்து, அது முன்னால் போகாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு குற்றிகள் மட்டுமே.

அடுத்தது வலக்குற்றி நின்ற தடம். முன் விளிம்பு பதிந்த இடத்தில் மூன்று விரல் ஆழம்; பின் விளிம்பு இருந்த இடத்தில் வட்டமே தெரியவில்லை. குற்றி விழுமுன்பே முன்பக்கம் புதைந்து சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குற்றியின் அடிமுகத்தைப் புரட்டிப் பார்த்தால் நடுப்பகுதி பஞ்சாக நைந்திருந்தது. தென்னை மரத்தின் வலு எல்லாம் புறப்பகுதியில். உள்ளே போகப் போக இலேசாகவும் சோறாகவும் இருக்கும். பனையும் அப்படியே. ஈர மணலில் நிறுத்தினால் அந்தச் சோற்றுப் பகுதி நீரை உறிஞ்சி இன்னும் மெலியும்.

மேல்முகத்தில் விளிம்புத் தகட்டின் தையல், அதாவது தகடுகள் சேரும் கீழ்விளிம்பு, ஒரு கோடாக வெட்டி இறங்கியிருந்தது, கோடு முன்னோக்கி இழுபட்டிருந்தது. குற்றி எங்கும் வெடிக்கவோ பிளக்கவோ இல்லை. அதாவது, பாரம் தாங்காமல் உடைந்த மரம் இல்லை இது. நின்ற நிலையிலிருந்து கவிழ்ந்த மரம்.

இதைப் பார்க்க வந்த ஓடாவியார், திருக்கடலூர்ப் பக்கம் வள்ளம் செய்து பழகிய கை, குற்றியைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மரத்தின்ர பிழை இல்லத் தம்பி. நிப்பாட்டின விதம் பிழை. நானெண்டா வள்ளத்தையும் இப்பிடி நிப்பாட்ட மாட்டன்."

கொஞ்சம் கணக்கு

121இன் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. எஞ்சினும் கியர்பொக்ஸும் முன்னால் இருப்பதால் அதில் 600இலிருந்து 650 கிலோ வரை முன்பக்கத்தில் விழும். குற்றிக்கு 325 என்று வைத்துக்கொள்வோம். தென்னங்குற்றிக்கு நெடுக்காக இந்தப் பாரம் ஒரு பொருட்டே இல்லை.

கவிழ்வது வேறு கணக்கு. நிமிர்ந்து நிற்கும் ஒரு குற்றியின் தலையில் பக்கவாட்டு விசை கொடுத்தால், அந்த விசை மேலிருந்து அழுத்தும் பாரத்தில் எத்தனை பங்கு ஆகும்போது குற்றி கவிழும்? அகலத்தை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை. 21ஐ 80ஆல் வகுத்தால் கால் பங்கு. கெட்டியான தரையில் அப்படி. முன் விளிம்பு மணலில் புதைந்து அகலத்தின் பாதி பயனில்லாமல் போனால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும். 650 கிலோவில் எட்டில் ஒரு பங்கு 80 கிலோவை ஒட்டி வரும். தரையில் கால் ஊன்றி வெட்டி இழுக்கும் ஒரு திடமான ஆளுக்கு இது எட்டாத விசை இல்லை. மணலில் பின் சக்கரம் உருள்வதற்குக் கொஞ்சம் தடை இருந்திருக்கும். முதல் இரண்டு இழுப்பும் தாங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது இரும்பு ஸ்டாண்டை அதே இடத்தில் வைத்துப் பார்ப்போம். வீட்டுப் பாவனைக்கு விற்கும் ஸ்டாண்டுகளின் நாலு பாதமும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு 100 சதுர செ.மீ. என்று வைத்தால், 325 கிலோவுக்குச் சதுர செ.மீ. ஒன்றில் 3 கிலோவுக்கு மேல் அழுத்தம். தளர்ந்த மணலில் அத்திவாரம் போடுகிறவர்கள் 1 கிலோவையே மேல் எல்லையாகத்தான் வைப்பார்கள். ஸ்டாண்டின் கால்கள் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். நாலு காலும் ஒரே அளவில் இறங்காது என்பதுதான் ஆபத்து. சிமெந்துத் தரை உள்ளவர் நல்ல ஸ்டாண்ட் வாங்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இரும்பு என்பதாலேயே அது கைவிடாது என்றும் இல்லை. 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் 17 இலட்சத்துக்கும் அதிகமான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பாரம் ஏறி நிற்கும்போதே உயரத்தைப் பிடிக்கும் பல் விலகி இறங்கிவிடக்கூடிய குறை. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் ஒரு பகுதியில் வெல்டிங் குறை கண்டு மறுபடியும் திரும்பப் பெற்றார்கள். மரத்தாங்கி செய்வதில் அங்கே பலருக்கு ஆர்வம் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தூக்குவதும் தாங்குவதும் திருகோணமலைக்குப் புதிதில்லை. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி இங்கே துறைமுகத்தில் பிரித்தானியரின் மிதக்கும் கப்பல்துறை ஒன்று, வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போதே முதுகு முறிந்து மூழ்கியது. கப்பலில் ஏறக்குறைய முழு வெடிமருந்தும் இருந்தது. அதன் பாரம் எங்கெங்கே எப்படி விழுகிறது என்பதற்கேற்ப, துறையை எழுப்புவதற்காக அதன் நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கவில்லை, துறையின் இரு முனைகளும் அளவுக்கு மீறிய இழுபாட்டுக்கு உள்ளாயின. கப்பலின் உட்பக்க உந்துசுழலிகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. பாரம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்காமல் தூக்கினால் இரும்பும் முறியும். 121க்கு அவ்வளவு பெரிய உதாரணம் தேவையில்லைதான். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

இரண்டாம் முறை செய்தவை

கார் தன் சக்கரங்களோடு ஏறி நிற்கும் புதிய தாங்கியை ஓடாவியாரிடமே செய்யக் கொடுத்தார் வீட்டுக்காரர். முதல் வாக்குவாதம் மரத்தைப் பற்றி. வீட்டுக்காரரிடம் பழைய வீட்டிலிருந்து கழற்றிய பாலைத் தீராந்தி இரண்டு இருந்தது. பாலை தண்ணீரில் போட்டால் தாழும் மரம், இரும்புக்குச் சமம் என்று நம் ஆட்களுக்குப் பெருமை. ஓடாவியார் அதைத் தொடவில்லை. துறைமுகப் பக்கமிருந்து மரக்காலைக்கு வரும் பைன் கட்டைகளை எடுத்துவரச் சொன்னார், கப்பலில் சரக்கு அசையாமல் கீழே கொடுத்து வரும் அந்தச் சதுரக் கட்டைகள். எச்.டி. (HT) என்று முத்திரை உள்ளதைப் பார்த்து எடுத்தார்கள். அது சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெதில் புரோமைட் புகை போட்டது, அதை வீட்டுக்கு எடுக்காமல் விடுவது நல்லது.

மென்மரம் எதற்கு என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். நான் ஓடாவியார் பக்கம். வைரம் பாய்ந்த மரம் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டே இருந்து, தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று ரேகையோடு பிளக்கக் கூடும். வழவழப்பும் அதிகம், மரத்துக்கு மேல் மரம் வழுக்கும். பைன் அப்படியில்லை. பாரம் மிஞ்சினால் முதலில் நசுங்கும், கிறீச்சிடும், ஆளை எச்சரிக்கும். ஒன்றை ஒன்று கவ்வும். இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மீட்கும் குழுக்கள், கட்டைகளை வரிசைக்கு வரிசை குறுக்காக அடுக்கும் குறுக்கடுக்குக்கு மென்மரத்தைத் தேர்வதும் இதனால்தான். உலர்துறையில் கப்பலின் அடிப்பாகம் உட்காரும் குற்றிகளுக்கும் மேல்தட்டாக மென்மரம் வைப்பது வழக்கம். அது சற்று நசுங்கிக் கொடுத்தால்தான் பாரம் எல்லாக் குற்றிகளிலும் பரவும்.

கட்டைகள் 9 செ.மீ. சதுரம். 60 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஒரு வரிசைக்கு மூன்றாக, அடுத்த வரிசையைக் குறுக்காக அடுக்கும் முறை. ஓரக் கட்டைகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு வெளியே இன்னும் 9 செ.மீ. நீண்டிருக்கும். அழகுக்காக அந்த மிச்சத்தை அறுத்துவிட்டால் நுனி பிளந்து தெறிக்கும். மீட்புக் குழுக்கள் 10 செ.மீ. விடச் சொல்வார்கள். மூன்று கட்டை மேல் மூன்று கட்டை என்றால் ஒன்பது இடத்தில் மரமும் மரமும் தொடும், மொத்தம் 729 சதுர செ.மீ. அந்தக் குழுக்களின் கணக்கில் மென்மரத்துக்குக் குறுக்காகச் சதுர செ.மீ. ஒன்றுக்கு 35 கிலோ வரை கொடுக்கலாம். ஆக ஓர் அடுக்கு 25 டன் தாங்கும். நாம் கொடுப்பது 325 கிலோ. மரம் தாங்குமா என்ற கேள்வியை இத்தோடு விட்டுவிடலாம்.

ஸ்குரூ பற்றி ஒரு வார்த்தை. இதில் ஸ்குரூ இருப்பது கட்டைகள் கலையாமல் இருக்க மட்டும். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கே இறங்க வேண்டும். நாலு காலும் ஒரு பலகையுமாக முக்காலி போலச் செய்து, காலைப் பக்கவாட்டில் ஸ்குரூ அடித்துப் பொருத்திய தாங்கிகளையும் ஊரில் கண்டிருக்கிறேன். அதில் காரைத் தாங்குவது ஸ்குரூவின் கழுத்துத்தான். அதை விறகுக்குப் போடலாம்.

நிலத்துக்கு மேல் முதலில் வருவது 60 செ.மீ. சதுரப் பலகை, 2.5 செ.மீ. பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் இரட்டையாகத் தைத்தது. பரப்பு 3,600 சதுர செ.மீ., அழுத்தம் சதுர செ.மீ. ஒன்றுக்கு 100 கிராமைத் தொடாது. மணல் இதை உணரவே உணராது. மொத்த உயரம் 28 செ.மீ. அடுக்கின் குறுகிய பக்கத்து அகலம் 42. பழைய கணக்கைப் போட்டால் பாரத்தில் முக்கால் பங்கு விசை பக்கவாட்டில் வந்தால்தான் கவிழும். அதற்கு முன் கார் மரத்தின் மேல் வழுக்கிவிடும். எனவே மேல்தட்டின் இரு ஓரத்திலும் டயர் உருளாமல் உயரக்கட்டை வைத்துத் தைத்தார் ஓடாவியார். மீட்புக் குழுக்கள் அகலத்தின் மூன்று மடங்கு வரை உயர்த்துவார்கள். மணல் வளவில், வீட்டு வேலைக்கு, அகலத்தைத் தாண்டி உயர்த்த நான் விடமாட்டேன்.

இந்த முறையில் கார் தன் சக்கரங்களிலேயே நிற்கிறது. விளிம்புத் தகட்டின் தையலில் பாரம் இல்லை, ஸ்பிரிங்குகள் வழக்கம்போல அமுங்கி இருக்கின்றன. குழாய், சைலன்சர், ஒயில், துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது எல்லாம் இப்படியே செய்யலாம். லோவர் ஆர்ம் புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது கார் தன் பாரத்தில் நிற்க வேண்டும், அதற்கும் வசதி. சக்கரம் கழற்றும் வேலைக்கு மட்டும் வேறு தாங்கி வேண்டும். அதே அடுக்கு, மேல்தட்டுக்குப் பதில் ஒரு வரிசை கட்டை, மொத்தம் 32 செ.மீ., அதில் தையல் இறங்கிக்கொள்ள ஒரு குழி. குழியை மர ரேகைக்குக் குறுக்கே வெட்டினார். ரேகையோடு வெட்டினால் தகடு ஆப்பு மாதிரி இறங்கிப் பிளந்துவிடும். குழி தாராளமாக இருக்க வேண்டும், தையல் அடியைத் தொடக் கூடாது. இரு பக்கத் தட்டையான பகுதிதான் மரத்தில் அமர வேண்டும். மேலே பழைய டயர்த் துண்டு.

ஏற்றியதும் உலுப்பியதும்

ஒரு தாங்கி முழுதாக 30 கிலோ வரும். அதை ஒருவர் காருக்கு அடியில் தள்ளுவது முதுகுக்குக் கேடு. ஓடாவியார் 14 செ.மீ. உயரத்தில் இரண்டு பாதிகளாகச் செய்து, மேற்பாதி நகராமல் முளை வைத்துப் பொருத்தினார். இதனால் இன்னொரு நன்மை. முன்னால் ஒரேயடியாக 28 செ.மீ. தூக்கினால் கார் பின்னால் உருளப் பார்க்கும். முன்னால் 14, பின்னால் 14, மறுபடி முன்னால், மறுபடி பின்னால் என்று படிப்படியாக ஏற்றினால் அந்தச் சரிவு பெரிதாவதில்லை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை. தூக்கத் தூக்க அவற்றை நெருக்கித் தட்டிவிட ஒரு ஆள். ஜாக்குக்குக் கீழே நீளப் பலகை, அதன் சில்லுகள் உருளும் திசையில்.

ஏற்றி முடித்ததும் யாரும் உள்ளே போகவில்லை. நாலு பக்கமும் நின்று இடுப்பால் முட்டி உலுப்பினார்கள். கார் ஸ்பிரிங்கில் ஆடியது, தாங்கிகள் அசையவில்லை. பிறகு ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கம்பை நட்டு, விளிம்பின் உயரத்தைக் கோடு போட்டுவிட்டு அன்றைக்கு விட்டுவிட்டார்கள். காலையில் மூன்று மூலைகள் கோட்டிலேயே நின்றன. கிணற்றடிப் பக்க மூலை ஒரு விரல் இறங்கியிருந்தது. குளிக்கும் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. காரை இறக்கி, அந்த இடத்தை ஒரு சாண் தோண்டி, கிரவல் போட்டு இடித்து, தண்ணீர் ஓட வேறு வாய்க்கால் வெட்டிய பிறகு மறுபடி ஏற்றினார்கள். சலித்துக்கொண்டே செய்தார்கள், ஆனால் செய்தார்கள்.

வாடைக்காற்றோடு மாரி இறங்கியது. கார் மேலேயே நின்றது, வேலை இடையிடையே நடந்தது. மரம் ஊறி உப்பியதில் முளைகள் இறுகிப் பிரிக்கக் கஷ்டமானது, அதனால் கேடில்லை. உண்மையான எதிரி கறையான். அடிப்பலகையின் கீழ் ஒரு மூலையில் மண் கோடு கட்டத் தொடங்கியிருந்ததை, கம்பு அளவு பார்க்கக் குனிந்தபோதுதான் கண்டார்கள். சிலர் கழிவு ஒயில் பூசச் சொன்னார்கள். கறையான் போகும், ஆனால் ஒயில் ஊறிய மரம் வழுக்கும். கவ்விப் பிடிப்பதற்காகவே தேர்ந்த மரத்தில் ஒயில் பூசுவது பைத்தியக்காரத்தனம். அடிப்பலகைக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்தது போதுமாக இருந்தது. பழுதான அந்தப் பலகையை மாற்றினார்கள். கச்சான் காற்று காலத்தில் இதற்கு எதிர்த் தொல்லை, கட்டை நுனிகள் காய்ந்து வெடிக்கும். நுனிகளுக்குப் பழைய பெயின்ட் அடித்து, நிழலில், கல்லின் மேல் அடுக்கி வைத்தால் போதும். நுனி வெடிப்பு அடுத்த கட்டை கடக்கும் இடம்வரை ஓடியிருந்தால் அந்தக் கட்டையைக் கழிக்க வேண்டியதுதான்.

இடையில் ஒரு நாள் ஒரு உறவினர் வந்து, இவ்வளவு மினக்கெடுவானேன், நாலு புளொக் கல் வைத்தால் முடிந்ததே என்றார். இதை மட்டும் யார் வளவில் கண்டாலும் நான் தடுப்பேன். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல் சுவரில் பரவலாகப் பாரம் தாங்கச் செய்தது. ஒரு தகட்டு விளிம்பு அதன் மெல்லிய சுவரில் குத்தி நின்றால், நசுங்குவதோ கிறீச்சிடுவதோ இல்லாமல் ஒரே கணத்தில் உடையும். மணலைக்கூட ஒரு அளவுக்கு நம்பலாம், இதை நம்ப முடியாது. ஜாக்கும் அதே வகைதான்: அதற்குள் இருக்கும் இறப்பர் சீல் ஒன்று விட்டால் கார் கீழே. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை என்று காக்கா ஒவ்வொரு ஞாயிறும் ஓதிக்கொண்டே இருப்பார்.

121இன் பிரேக் குழாய்கள் முடிந்து, கார் இப்போது ஓட்டத்தில் இருக்கிறது. அன்று அசையாத அந்த லோவர் ஆர்ம் போல்ட் கடைசிவரை கழரவில்லை, அறுத்துத்தான் எடுத்தார்கள்.

தாங்கிகளை இரவல் கேட்டு லிங்கநகரிலிருந்து ஒரு டொல்பின் வான்காரர் வந்தார். வானின் வெறும் எடையே ஒன்றரை டன்னைத் தாண்டும். அடுக்குக்கு அது பாரமே இல்லை. அடியில் ஏற்கெனவே இடம் இருப்பதால் அவருக்குக் கீழ்ப்பாதி 14 செ.மீ. மட்டும் போதும் என்றார் ஓடாவியார். பிறகு வான் நிற்கும் இடத்தைப் போய்ப் பார்த்தார். வளவு கேற்றை நோக்கி நல்ல சரிவு. "கட்டையை எப்பவும் தரலாம். முதல்ல நிலத்தை மட்டம் பண்ணிப்போட்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் இப்போது கிரவல் லோட் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.